ஆறாம் நாள் சாகும் மருந்து

நாவற்குடாவில் கலாஜினியின் வீட்டு முற்றத்தில் ஆவணி பிறந்தால் கால் வைக்க இடம் இருக்காது. எங்கு பார்த்தாலும் வேப்பங்கொட்டை காயும். இரசாயனம் படித்துப் பட்டம் எடுத்து, ஆய்வுகூடமொன்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பிள்ளை, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டை கிளறும். பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கசப்பு மணம் பொறுக்காமல் தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போனார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அவளுடைய அப்பா வாவியில் வீச்சுவலை போட்டுச் சீவித்தவர். மாரி மழை அடித்து, அக்கரையில் படுவான்கரை வயல்களின் தண்ணீர் வடிச்சல் வாய்க்கால் வழியே வாவிக்குள் இறங்குகிற வாரத்தில் றால் செத்துக் கரையொதுங்கும். வயலில் பூச்சிக்கு அடித்த மருந்து பூச்சியை முடித்த கையோடு வேலையை நிறுத்துவதில்லை, வரம்பு தாண்டி வந்து றாலையும் ஒரு கை பார்க்கும். அப்பா வயல்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டுவார். அம்மாவின் சொந்தமெல்லாம் வயல்காரர். ஆகவே மாரி முழுக்க வீட்டில் சண்டை. இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகியும் கலாஜினியின் மண்டைக்குள் அந்தச் சண்டை ஓயவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் அவளுக்குத் தொல்லை. பூச்சியைக் கொல்லாவிட்டால் மாமன்மார் பட்டினி, கொன்றால் அப்பா பட்டினி.

மருந்து கொல்வதில் குறையில்லை, அது சாகாமல் கிடப்பதில்தான் குறை என்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கொல்லவும் வேண்டும், குறித்த நாளில் தானும் செத்துப்போக வேண்டும். அப்படி ஒரு மருந்தைச் செய்தால் என்ன?

வேப்பங்கொட்டைச் சாறு அறக்கொட்டியானுக்கு ஆகாது என்பது வயல்காரர் எல்லோருக்கும் தெரியும். அறக்கொட்டியான் என்பது நெல்லின் அடித்தண்டில் கூட்டமாய் ஒட்டியிருந்து சாறு குடிக்கிற சின்னப் பூச்சி. அது விழுந்த வயல் வட்டம் வட்டமாய் நெருப்புப் பிடித்த மாதிரிக் கருகும். ஆனால் வேப்பஞ்சாறு ஒருநாள் வெயிலுக்கே செத்துவிடும், அறக்கொட்டியான் ஒருநாளில் சாகாது. அந்த ஒரு நாளை ஐந்து நாளாக்கக் கலாஜினி மூன்று வருசம் மினக்கெட்டாள். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தில் கரைத்தாள், சாராயத்தில் ஊறவிட்டாள், எத்தனையோ எண்ணெயில் சேர்த்துப் பார்த்தாள். கடைசியில் கைகொடுத்தது தோசைக்கு ஊற்றுகிற நல்லெண்ணெய். அதைச் சேர்த்தால் மருந்து ஐந்து நாள் வெயிலைத் தாங்கியது, ஆறாம் நாள் செத்தது. வயல் வரம்பில் தண்ணீர் வடிகிற வக்கடையை மண் வைத்து ஆறு நாள் அடைத்து வைத்தால் போதும். பிறகு திறந்துவிடுகிற தண்ணீரில் றால் குஞ்சே வளர்க்கலாம்.

செய்தால் மட்டும் போதுமா? பதிவு வேண்டும். பூச்சிமருந்துகளைப் பதிவுசெய்கிற அலுவலகம் மூன்று விசயம் கேட்டது. ஒரு போகம் முழுக்க உண்மையான வயலில் அடித்துப் பூச்சிக் கணக்கு எடுக்க வேண்டும். வடிச்சல் வாய்க்காலில் கூடு கட்டி றால் விட்டு, அது பிழைப்பதைக் காட்ட வேண்டும். வாய்க்கால் தண்ணீரை அலுவலகத்தின் ஆள் முன்னால் நின்று போத்தலில் எடுத்துப்போகச் சம்மதிக்க வேண்டும். மூன்று முறைதான் முயலலாம், நாலாம் முறை கிடையாது. கண்ட கண்ட நஞ்சையெல்லாம் தொண்ணூறுகளில் தடைசெய்த சட்டமும் இதுதான் என்பதால் கலாஜினிக்கு அதில் கோபம் இல்லை. இது ஒரு இருபது வருசம் முந்தி வந்திருக்கக்கூடாதா என்றுதான் பொருமுவாள்.

வயல் தந்தவர் வேலப்போடி மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். படுவான்கரையில் ஒரு வட்டைக்கு விதானை, அதாவது அந்த வட்டையின் வயல்களுக்கெல்லாம் எப்போது தண்ணீர் விடுவது, எப்போது மருந்தடிப்பது என்று நாள் குறிக்கிறவர். நாலு பிள்ளை பெற்றவர், மூத்தவன் இயக்கத்துக்குப் போனவன். மாமாவுக்குக் கலாஜினி மேல் உயிர், பெற்ற மகளைப்போல மனே என்றே கூப்பிடுவார். அவள் மருந்தைத் தண்ணீரில் ஊற்றியதும் வெள்ளையாய்த் திரள்வதைப் பார்த்து, "இது என்ன மனே, மருந்தா, ஆட்டுப் பாலா?" என்று சிரிப்பார்.

முதலாம் முறை 2004 மாரி. சமாதான காலம், மண்முனைத் துறையில் மிதவையில் ஏறிக் கேன்களோடு வாவியைக் கடக்கலாம். ஆமிக்காரன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்து அனுப்பிவிடுவான். வயல் நன்றாக வந்தது, கூட்டில் றால் பிழைத்தது. அதுவரை எடுத்த கணக்கெல்லாம் எழுதி வைத்தவள் றஞ்சிதா, ஆய்வுகூடத்தில் கூட வேலை செய்தவள், கடற்கரையோரத்து நாவலடிக்காரி. கலாஜினியின் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறதென்று சொல்லி, திருத்தமாக எழுதித் தருவதற்குக் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அது மார்கழி இருபத்துநாலாம் தேதி.

இருபத்தாறாம் தேதி காலையில் கடல் வந்தது.

நாவலடியில் ஒரு வீடு இல்லை. மூன்றாம் நாள் கலாஜினி போய்ப் பார்த்தபோது றஞ்சிதாவின் கிணறு மட்டும் மணலுக்கு மேலே நின்றது. அவளையும் காணவில்லை, தாயையும் காணவில்லை. மணலில் கிடந்த கடதாசி ஒன்றைக் கண்டதும் கலாஜினி ஓடிப்போய்ப் புரட்டினாள். பள்ளிக்கூடப் பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாள். அப்போதுதான் தான் றஞ்சிதாவைத் தேடவில்லை, கொப்பியைத் தேடுகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அந்த இடத்திலேயே குந்தியிருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த ஒரு ஓட்டத்துக்காக அவள் தன்னை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அலுவலகத்தில் அனுதாபப்பட்டார்கள். ஆனால் கணக்கைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று எழுத அவர்களின் படிவத்தில் இடம் இருக்கவில்லை. ஒரு முறை கழிந்தது.

இரண்டாம் முறை 2006. அவள் மருந்தைக் காய்ச்சி முடிக்கவும் சண்டை திரும்பத் தொடங்கவும் சரியாக இருந்தது. மிதவை நின்றது. பெயர் எழுதாத கேனைச் சோதனைச் சாவடிக்குக் கொண்டுபோனால் கேனோடு ஆளும் போக வேண்டிய காலம். வயலில் மருந்து படவில்லை. கதிர் முற்றும் முன்பே ஷெல் விழத் தொடங்கி, படுவான்கரைச் சனம் பாயும் பானையுமாக இந்தக் கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களில் படுத்தது. வேலப்போடி மாமாவும் குடும்பத்தோடு வந்தார். நின்ற வெள்ளாமையை மாடு தின்றது. இரண்டு முறை கழிந்தது. அடுத்த வருசம் மாமாவின் மூத்தவன் வன்னியில் செத்துப்போன செய்தி வந்தது. சடலம் வரவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு முறை. சண்டை முடிந்து வந்த முதல் மாரிக்கு, 2009 இல், கலாஜினி அதைக் கையில் எடுத்தாள்.

சண்டை முடிந்தது என்று சொல்வது வாய்ப்பேச்சுக்கு. படுவான்கரையில் இயக்கம் புதைத்த ஆயுதம் தேடி ஆமிக்காரர் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். நல்லரத்தினம் என்ற ஒரு பாவப்பட்ட மனுசன் உழும்போது பழைய தகரப் பீப்பாய் ஒன்று கலப்பையில் பட்டது. அதற்குள் இருந்தது மண்ணெண்ணெய். இடம்பெயர்ந்தபோது அவரே தாட்டு வைத்தது. விசாரணைக்கு என்று கூட்டிப்போனார்கள். மனைவி முகாம் முகாமாய் அலைகிறாள், ஆள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் மண்வெட்டி எதிலாவது மோதினால் மண்ணை மூடிவிட்டுத் தள்ளிப்போய் வெட்டுகிறார்கள்.

மருந்தடிக்கிற நாளை மாமா குறித்தார். கலாஜினி ஆறு கேன் கொண்டுபோனாள். பன்னிரண்டு வயலுக்கு அது அளவு. அலுவலகத்தின் பரிசோதகர் மஜீட், ஏறாவூர்க்காரர், சைக்கிளில் வந்து இறங்கினார். நேர்மையான மனுசன், இளநீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். கேனிலிருந்து பரிசோதனைக்குக் கொஞ்சம் மருந்து எடுத்துக்கொண்டதும், அவரும் கலாஜினியும் றால் கூட்டைக் கட்ட வாய்க்காலின் கடைசிக்குப் போனார்கள். அரை மைல் தூரம் இருக்கும். வயலில் மாமாவும் மருந்தடிக்கிற இரண்டு பேரும் நின்றார்கள்.

"ஒண்டும் யோசியாத மனே, இந்தமுறை வெல்லாம விடமாட்டன்" என்றார் மாமா.

ஆறு நாள் அடைத்து வைத்த வக்கடையைத் திறந்துவிட்டு, ஏழாம் நாள் கூட்டைத் தூக்கினார்கள். நாற்பது றாலும் வெளுத்துச் செத்துக் கிடந்தன.

மஜீட் தண்ணீரைப் போத்தலில் பிடித்து, அரக்கு வைத்து மூடி, பையில் வைத்துக்கொண்டு, "காயிதம் வரும் மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கலாஜினி அந்த வரம்பில் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. அடுத்த இரண்டு மாதமும் அவள் மனுசியாக இல்லை. வீட்டில் ஏழு பேசினில் தண்ணீர் வைத்து, மருந்து கலந்து, ஆறு நாள் வெயிலில் விட்டு, றால் வாங்கி விட்டாள். ஒன்றும் சாகவில்லை. கறிக்கு ஆகிற பெரிய றாலாக வாங்கியும் பார்த்தாள். அவையும் பேசினை விட்டுத் துள்ளி முற்றத்தில் விழுந்தன. வீட்டில் பிழைக்கிறது, வயலில் சாகிறது. தன் கணக்கில் எங்கோ பிழை என்று நம்பி, மூன்று வருச உழைப்பை வரி வரியாகத் திருப்பிப் பார்த்தாள். மாசி வந்தது, காகிதமும் வந்தது.

தண்ணீரில், 1995 இல் தடைசெய்யப்பட்ட ஒரு பூச்சிமருந்து இருந்ததாம். பதினான்கு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

அவள் நேரே வட்டைக்குப் போனாள். மாமா சூடடித்த நெல்லைத் தூற்றிக்கொண்டு நின்றார். நல்ல விளைச்சல், முகமெல்லாம் சிரிப்பு.

"மாமா, என்ட மருந்துக்குள்ள வேற ஏதும் போட்டீங்களா?"

"போடாம?" என்றார் அவர், கேட்டதற்குச் சந்தோசப்பட்டவர் போல. "கேனுக்கு ஒரு மூடிதான் மனே. பழைய சாமான், இப்ப எடுக்கேலாது. வரம்புக்குள்ள தாட்டு வச்சிருந்தன். ஆமிக்கும் காட்டல்ல, இயக்கத்துக்கும் காட்டல்ல. உனக்கெண்டுதான் தோண்டி எடுத்தன்."

"ஏன் மாமா?"

"ஏனெண்டு கேக்காய். சண்டைக் காலத்தில மருந்து எங்கால வந்த? வாற ஒரு போத்தல நாலு பேர் பிரிச்சி, மண்ணெண்ணயும் சோப்பும் பழசு புதுசும் கலந்துதானே அடிச்ச நாங்க. தனி மருந்து அடிச்சி ஆரு வெள்ளாம எடுத்த? உன்ட மருந்து நல்ல மருந்துதான், ஆனாப் பால் ஊத்திப் பூச்சி சாகுமாகா? ரெண்டு தரம் தோத்த புள்ள, மூணாந்தரமும் தோத்தா நீ தாங்கமாட்டாய். என்ட மகன்தான் இல்ல, உன்னையாவது வெல்ல வச்சிப் பாப்பமெண்டு..."

அவர் சுளகை நிலத்தில் வைத்தார். கலாஜினிக்கு அவரைத் தூக்கிப்போட்டு மிதிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

"எல்லா வயலுக்கும் போட்டீங்களா?"

"கீழ்வயல் ரெண்டுக்கும் பத்தல்ல மனே. அஞ்சு கேனோட போத்தல் முடிஞ்சிற்று. அதுக்கு உன்ட பால் மட்டுந்தான்."

"அந்த ரெண்டும் விளைஞ்சுதுதானே?"

"விளையாம? பக்கத்து வயல்ல செத்தத்தப் பாத்துப் பயந்து ஓடியிருக்கும்" என்று மாமா சிரித்தார்.

மறுபடி ஓடத் தொடங்கியிருந்த மிதவையில் இருந்தபடி பூச்சிக் கணக்குக் கொப்பியைத் திறந்தாள். மேல்வயல் பத்திலும் அறக்கொட்டியான் தண்டுக்கு இரண்டு, மூன்று. கீழ்வயல் இரண்டிலும் இரண்டு, மூன்று. வித்தியாசமே இல்லை. அவள் மருந்து தனியே நின்று வேலை செய்திருக்கிறது. கையில் அத்தாட்சி இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் பெயரும் பிழைக்கும், மருந்தும் பிழைக்கும். பத்து வயலில் மட்டும் நஞ்சு எப்படி வந்தது என்ற கேள்வி அடுத்த நிமிடம் வரும், அவ்வளவுதான்.

மஜீட்டின் கந்தோரில், அவள் உட்கார முன்பே அந்தக் கேள்வி வந்தது.

"உங்கட மருந்துல இது இல்லெண்டு எனக்குத் தெரியும் மிஸ். உங்கட கேன்ல எடுத்த மாதிரியில ஒண்டும் இல்ல" என்றார் அவர். "வயல்ல ஆரோ போட்டிருக்காங்க. ஆரெண்டு எழுதித் தாங்க, உங்களுக்கு இன்னொரு தரம் குடுக்கச் சொல்லி நானே எழுதுறன்."

"தெரியாதெண்டு எழுதினா, சேர்?"

"தடைசெஞ்ச சாமான் மிஸ். தெரியாதெண்டா நான் பொலிசுக்குக் குடுத்தாகணும். அவங்க தனியா வரமாட்டாங்க, ஆமியையும் கூட்டி வந்து வட்டை முழுக்கத் தோண்டுவாங்க."

தோண்டினால் போத்தல் வரும். போத்தல் இருந்த வரம்பு வேலப்போடியுடையது. வேலப்போடியின் மூத்தவன் எங்கே செத்தான் என்பது அவர்களின் கொப்பியில் ஏற்கனவே இருக்கிறது. நல்லரத்தினத்துக்கு ஒரு பீப்பாய் மண்ணெண்ணெய் போதுமாக இருந்தது.

"நானே போட்டிருந்தா?"

மஜீட் பேனையைக் கீழே வைத்தார்.  "அப்ப பொலிசு தேவல்ல. விண்ணப்பகாரரோட குற்றம், கந்தோருக்குள்ளயே முடிஞ்சிரும். ஆனா மறுகா உங்கட பேர்ல இந்த மருந்துமில்ல, எந்த மருந்துமில்ல. நல்லா யோசிங்க மிஸ்."

"நான்தான் போட்ட, சேர்."

"ஏன் போட்டீங்கெண்டும் எழுதணும்" என்றார் மஜீட். அவருடைய குரல் இறங்கிவிட்டது.

அந்த இடத்தில்தான் கலாஜினியின் கை நின்றது. நான் போட்டேன் என்று எழுதுவது சுலபம், அது அவளைப் பற்றிய பொய். அடுத்த வரி மருந்தைப் பற்றிய பொய். வேறு என்ன காரணம் எழுதினாலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. றஞ்சிதாவை நினைத்தாள். இருந்திருந்தால் பேனையைப் பிடுங்கியிருப்பாள். பிறகு மாமா நெல் தூற்றிக்கொண்டு நின்றதை நினைத்தாள். எழுதினாள்: "வேம்பு மருந்து தனியாக அடித்தால் பூச்சி சாகாது என்பது எனக்குத் தெரிந்திருந்தபடியால் கலந்தேன்." கையெழுத்தும் போட்டாள். மஜீட் வாசித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன் ஒரு பிரதி ஆய்வுகூடத்துக்கும் போனது. ஆய்வுகூடம் அவளை நிறுத்தியது. கலப்படக்காரிக்கு வேறு எவர் இரசாயன வேலை தருவார்? டவுனில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் விற்கிற வேலை கிடைத்தது. அழகழகான வெளிநாட்டுப் போத்தல்களை எடுத்துக் கொடுக்கிறபோது எது எத்தனை நாள் சாகாமல் கிடக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். வாங்க வருகிறவர்களிடம் வக்கடையை அடைத்து வையுங்கள் என்று சொல்வாள். ஓம் ஓம் என்றுவிட்டுப் போவார்கள். மாமாவிடம் அவள் சொன்னது, கொழும்பில் காகிதம் சுணங்குகிறது என்று. கொழும்பு என்றால் சுணங்கும்தானே, மாமா நம்பிவிட்டார். சந்திக்கிற இடமெல்லாம், "வந்திற்றா மனே?" என்று கேட்பார்.

2011 இல் பாசிக்குடாவில் புதிதாகத் திறந்த விடுதியொன்றில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நஞ்சு குறைந்த விவசாயம் என்று பதாகை. மருந்துக்கடைக்காரரையும் வட்டை விதானைமாரையும் கூப்பிட்டிருந்தார்கள். கடை முதலாளி கலாஜினியை அனுப்பினார். மாமா வெள்ளைச் சால்வையோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அந்த நாட்களில் எல்லாக் கூட்டத்துக்கும் வருவதுபோல, வாசலில் சீருடை இல்லாமல் சாதாரணச் சட்டை போட்ட ஆமிக்காரர் இருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மேடையில் பேசியவருக்கு அவளைத் தெரியாது. இயற்கை மருந்து, இயற்கை மருந்து என்று சில பேர் சொல்கிறார்கள், இந்த மாவட்டத்திலேயே வேம்பில் செய்து வயலில் அடித்துப் பார்த்தாயிற்று, அது சரிவராது என்று செய்தவரே எழுதித் தந்திருக்கிறார் என்றார். சுவரில் வெளிச்சம் விழுந்தது. பெயரையும், கலந்தேன் என்கிற கடைசிச் சொல்லையும் மறைத்திருந்தார்கள். கோழி கிளறினது மாதிரி அந்த ஒரு வரி மட்டும் பெரிதாய்த் தெரிந்தது.

வேலப்போடி மாமா எழும்பிவிட்டார்.

"பொய்!" என்றார், மண்டபம் திரும்பிப் பார்க்க. "எந்த நாய் எழுதின அத? அந்த மருந்து என்ட வட்டையிலதான் அடிச்ச. பூச்சி செத்திச்சு, நான் கண்ணால கண்ட. கேளுங்க, நானே என்ட கையால அதுக்குள்ள..."

கலாஜினி சால்வையோடு சேர்த்து அவருடைய கையை இழுத்து உட்கார வைத்தாள்.

"அவர் சொல்றது சரி மாமா" என்றாள். வாசலுக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கவே சொன்னாள். "அது நான் எழுதினது. என்ட மருந்து ஒண்டுக்கும் உதவாது. நீங்க இருங்க."

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையை மெல்ல உருவிக்கொண்டார். நாற்பது வருசம் அந்தச் சனத்துக்கு நாள் குறித்தவர், அவளுடைய சொல்லை நம்பிப் பன்னிரண்டு வயலைத் தந்தவர்.

"அப்ப எங்கள ஏமாத்தினியா மனே?" என்று கேட்டார்.

கலாஜினி ஓம் என்று தலையாட்டினாள். வாசலில் நின்ற இருவரும் கதை அவ்வளவுதான் என்று கண்டு பார்வையை மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மாமா எழும்பி, முன் வரிசையில் ஒரு வெறுங்கதிரை பார்த்துப் போய் இருந்தார்.